ஹோம் தியேட்டரில் ‘உம்ம்’ சத்தமா? எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

பாட்டு ஓடும்போது தெரியாது. படத்தில் அமைதியான காட்சி ஒன்று வந்ததும் ஸ்பீக்கரின் அடியிலிருந்து ‘உம்ம்ம்’ என்றோ ‘ர்ர்ர்’ என்றோ ஒரு சத்தம் தலைகாட்டும். ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அதன்பின் கவனம் முழுக்க அதிலேயே போய்விடும்.

இதற்காகப் புது கேபிள், புது ஸ்டெபிலைசர், கடைசியில் புது ஆம்ப்ளிஃபயர் என்று காசைக் கரைத்தும் சத்தம் போகாத வீடுகளை தருமபுரியிலும் பார்க்கலாம், கிருஷ்ணகிரியிலும் பார்க்கலாம். சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் வீண். கண்டுபிடிக்கும் முறை எளிது: எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது. பொறுமைதான் வேண்டும். கருவி என்று பார்த்தால் ஒரு டார்ச், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், குறித்துக்கொள்ள ஒரு தாள் போதும்.

நம் பகுதி வீடுகளுக்கு இன்னொரு விஷயமும் சேரும். நாம் குடியிருப்பது பாறைமேல். அந்தப் பாறைக்கும் இந்த ‘உம்ம்’ சத்தத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எர்த் பற்றிய 6ஆம் படியில் அதை விரிவாகப் பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. ‘பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றிவிட்டால் ஹம் (இந்த ‘உம்ம்’ சத்தம்) போய்விடும்’ என்று யாராவது சொல்வார்கள். சில சமயம் போகவும் செய்யும். ஆனால் உள்ளே ஒயர் உரசி பாடியில் கரண்ட் வந்தால், அது பூமிக்குப் போக இருந்த வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்து அந்தப் பெட்டியைத் தொடுபவர் உங்கள் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். எர்த் பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள், டேப் சுற்றாதீர்கள், இரண்டு பின் அடாப்டரும் போடாதீர்கள். அந்தத் தீர்வைச் சொல்பவரிடம் வேலையையும் கொடுக்காதீர்கள்.

படி 1: என்ன சத்தம் என்று கேளுங்கள்

நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆழமாக, அடித்தொண்டையில் முனகுவதுபோல் ‘உம்ம்’ என்று வந்தால் அது பெரும்பாலும் அந்த 50 ஹெர்ட்ஸ்தான். எர்த் லூப்பும் (5ஆம் படியில் பார்ப்போம்), ஷீல்டு (சிக்னல் கம்பியைச் சுற்றியுள்ள உலோகச் சடை) அறுந்த கேபிளும் இப்படித்தான் கேட்கும். அதைவிடக் கொஞ்சம் மேலே, இன்னும் தெளிவாகக் கேட்டால் 100 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையில் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும்போது பிறப்பது இது. ஃபில்டர் கெப்பாசிட்டர் பலவீனமானால் வெளியே கேட்கத் தொடங்கும். கூர்மையாக, வண்டு பறப்பதுபோல் ‘ர்ர்ர்’ என்று வந்தால் ரெகுலேட்டர், எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் போன்ற எலெக்ட்ரானிக் சாமான்கள்மேல் சந்தேகப்படுங்கள்.

போனில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கர் முன்னால் பிடித்தால் எந்த எண்ணில் கோடு எழும்புகிறது என்று தெரியும். போன் மைக்குக்கு 50 ஹெர்ட்ஸ் சரியாகக் கேட்காது. அதனால் 50இல் கோடு தெரியவில்லை என்பதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்தால் மட்டும் கேட்கும் மெல்லிய ‘ஸ்ஸ்’ எல்லா ஆம்ப்ளிஃபயரிலும் உண்டு. அதைத் துரத்த வேண்டியதில்லை. ‘டிட்-டிட்-டிட்’ என்று விட்டுவிட்டு வந்தால் பக்கத்தில் இருக்கும் போன்தான் காரணம். அதைத் தள்ளி வையுங்கள்.

படி 2: ஸ்பீக்கரா, பெட்டியா, பீரோவா?

ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிய பிறகும் ரிசீவர் (எல்லா ஒயரும் வந்து சேரும் ஆம்ப்ளிஃபயர்) பெட்டியிலிருந்தே முனகல் வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. வோல்டேஜ் ஏறும்போது கூடும். பெட்டிக்கு அடியில் ரப்பர் புஷ் வைத்து, மெக்கானிக் கட்டிய அசெம்பிள் செட் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டையும் இறுக்கினால் குறையும். மரப்பலகைமேல் இருக்கும் பெட்டி மேசையையே சேர்த்து முனகவைக்கும்.

இன்னொன்று, பாஸ் அடிக்கும்போது மட்டும் வரும் ‘ட்ர்ர்ர்’. இதற்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இரும்பு பீரோவின் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, தகர ஷீட் கூரை, ஜன்னல் கொக்கி, சாமி படத்தின் ஃப்ரேம், இவற்றில் ஏதோ ஒன்று ஆடுகிறது. 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஒருவர் அறையைச் சுற்றி ஒவ்வொன்றின் மேலும் கை வைத்துக்கொண்டே வரட்டும். கை வைத்ததும் நிற்கும் சாமானே குற்றவாளி. எதன்மேல் கை வைத்தாலும் நிற்கவில்லையென்றால் சப்வூஃபரின் கோனை டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்து ரப்பர் கிழிந்திருக்கலாம், உள்ளே காயில் (கம்பிச்சுருள்) உரசலாம்.

படி 3: வால்யூமைத் திருப்புங்கள்

சின்னச் சோதனைதான், ஆனால் பாதி வேலையை முடித்துவிடும். பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமைக் கூட்டுங்கள், குறையுங்கள். சத்தமும் கூடிக் குறைந்தால் அது வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாலேயே நுழைந்துவிட்டது. அதாவது செட்டாப் பாக்ஸ், டிவி, லேப்டாப், ப்ளூடூத் போர்டு அல்லது அவற்றின் கேபிள். வால்யூமை அடியோடு குறைத்தும் சத்தம் அப்படியே இருந்தால் அது வால்யூமுக்குப் பின்னால் நுழைகிறது. பவர் சப்ளை, பவர் ஆம்ப் பகுதி, சப்வூஃபர் அல்லது அதற்குப் போகும் கேபிள், இவற்றுக்குள்தான் இருக்கும். இன்புட்டை மாற்றியும் பாருங்கள். ஒரு இன்புட்டில் மட்டும் வந்தால் தேடும் இடம் இன்னும் சுருங்கிவிடும்.

படி 4: எல்லாவற்றையும் கழற்றுங்கள்

ரிசீவரை ஆஃப் செய்து, பின்பக்கம் வரும் எச்.டி.எம்.ஐ., ஆர்.சி.ஏ. (நடுவில் ஒரு பின், சுற்றிலும் வளையம் உள்ள ஆடியோ கேபிள்), ஆப்டிகல், யூ.எஸ்.பி., நெட் கேபிள் எதையும் விடாமல் கழற்றுங்கள். கழற்றும் முன் எது எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் ஒயரும் பவர் ஒயரும் மட்டும் இருக்கட்டும். இப்போது ஆன் செய்யுங்கள்.

இந்த நிலையிலும் ‘உம்ம்’ வந்தால் கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது. நேராக 8ஆம் படிக்குப் போங்கள். சத்தமே இல்லையென்றால் நல்ல செய்தி, உங்கள் ரிசீவர் நன்றாக இருக்கிறது. வெளியிலிருந்து ஏதோ ஒன்றுதான் சத்தத்தைக் கொண்டுவருகிறது.

இனி ஒவ்வொன்றாகச் செருகுங்கள். ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்துவிட்டுத்தான் செருக வேண்டும். ஆர்.சி.ஏ. பின்னில் நடுக்கம்பி முதலில் தொடும், எர்த் வளையம் பிறகுதான் தொடும். அந்த நொடியில் ஆன் நிலையில் இருந்தால் வருகிற அலறலில் ஸ்பீக்கரே போய்விடலாம்.

படி 5: வழக்கமாக மாட்டும் மூன்று பேர்

முதல் ஆள் சப்வூஃபர். அதற்குத் தனியாக ஒரு பவர் பிளக் இருக்கிறது, ரிசீவரிலிருந்து நீளமான ஆர்.சி.ஏ. கேபிளும் வருகிறது. ரிசீவர் ஒரு சுவரின் பிளக்கிலும் சப்வூஃபர் எதிர்ச்சுவரின் பிளக்கிலும் இருந்தால், இரண்டு எர்த் வழிகளுக்கு நடுவே அந்த ஆர்.சி.ஏ. கேபிளின் ஷீல்டு பாலமாகிவிடும். இரண்டு பக்கமும் இருக்கும் வோல்டேஜ் வித்தியாசம் ஷீல்டு வழியாகக் கரண்டை ஓட்டும். அந்தக் கரண்டைத்தான் சப்வூஃபர் பாஸ் என்று நினைத்து வாசிக்கிறது. எர்த் லூப் என்பது இதுதான். சப்வூஃபர் பக்கம் ஆர்.சி.ஏ.வை உருவிப் பாருங்கள். உருவியதும் நின்றால் லூப் அல்லது கேபிள். உருவியும் நிற்காவிட்டால் சப்வூஃபரின் உள்கோளாறு. லூப் என்று தோன்றினால், இரண்டையும் மூன்று பின் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். பல வீடுகளில் இதோடு கதை முடிந்துவிடும். கேபிள்மேல் சந்தேகம் என்றால் வேறொரு கேபிளைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள், உடனே வாங்க வேண்டாம்.

இரண்டாவது ஆள் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் டிஷ் ஒயர் அல்லது கேபிள் டிவி ஒயர். இதை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஏனென்றால் அது ஆடியோ கேபிள் இல்லை. ஆனால் அந்த ஒயரின் வெளிச்சடை டிஷ்ஷின் இரும்புக் கம்பத்தையும் செட்டாப் பாக்ஸையும் இணைக்கிறது. அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டிவி, டிவியிலிருந்து ரிசீவர். எல்லாமே உலோகத் தொடர்பு. காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் சப்வூஃபர் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. செட்டாப் பாக்ஸின் பின்னால் அந்தத் திருகு கனெக்டரைச் சுற்றிச் சுற்றித் தளர்த்தி, பின் வெளியே வந்த அந்தக் கணமே அறை அமைதியானது. மறுபடி தொட்டதும் ‘உம்ம்’. மாடியில் போய்ப் பார்த்தால் டிஷ் கம்பம் பில்லர் கம்பியோடு சேர்த்துக் கான்கிரீட் போட்டிருந்தது. அந்தக் கம்பம் தனியாக ஒரு எர்த் ஆகிவிட்டது.

இதற்குத் தீர்வு ஒயரைப் பொறுத்தது. கேபிள் டிவி ஒயர் என்றால், உலோகத் தொடர்பைத் துண்டித்து சிக்னலை மட்டும் விடும் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சின்னச் சாமானை நடுவில் போடலாம். டி.டி.எச். டிஷ் ஒயரில் அதைப் போடக் கூடாது. செட்டாப் பாக்ஸிலிருந்து டிஷ்ஷின் எல்.என்.பி.க்கு (டிஷ்ஷின் முன்னால் இருக்கும், சிக்னலை வாங்கும் கருவி) 13 அல்லது 18 வோல்ட் டி.சி. அந்த ஒயரிலேயே ஏறுகிறது. ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிட்டால் படமே வராது. டிஷ் என்றால் கம்பத்தை வீட்டு எர்த்தோடு ஒரு நல்ல ஒயர் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். அல்லது டிவியிலிருந்து ஒலியை ஆப்டிகல் கேபிளில் மட்டும் எடுங்கள். ஆப்டிகலில் போவது வெளிச்சம், அதில் கரண்டுக்கு வழியே இல்லை. டால்பி டிஜிட்டல் 5.1 வரை தாராளமாகப் போகும். ஆனால் டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே எச்.டி.எம்.ஐ.யும் இருந்தால் லூப் அப்படியேதான் இருக்கும், அதையும் கழற்ற வேண்டும்.

மூன்றாவது ஆள் லேப்டாப், கம்ப்யூட்டர். சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் சார்ஜர் வழியாகத்தான் வருகிறது. 3.5 எம்.எம். வழியாக ஒலி எடுப்பவர்கள் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசொலேட்டர் போட்டால் சரியாகும். மிக மலிவானவற்றில் பாஸ் கொஞ்சம் மெலியும். அதனால் சப்வூஃபர் லைனில் அதைப் போட நான் சொல்லமாட்டேன்.

கேபிள் போகும் வழியையும் பார்த்துவிடுங்கள். சிக்னல் ஒயரும் பவர் ஒயரும் ஒரே கட்டாகக் கட்டி டிவிக்குப் பின்னால் தொங்கினால் பிரியுங்கள். குறுக்கே போகத்தான் வேண்டும் என்றால் செங்கோணத்தில் போகட்டும்.

படி 6: எர்த்

நம் இரண்டு மாவட்டத்திலும் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். கிருஷ்ணகிரியிலிருந்து வெட்டிப்போகும் கிரானைட் கல்லை ஊரே அறியும். காய்ந்த பாறை கரண்டைக் கடத்தாது. ஈரமும் உப்பும் உள்ள மண்தான் கடத்தும். எர்த் குழியில் 2.5 மீட்டர் நீள ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட வேண்டும் என்பது முறை. இங்கே பல இடங்களில் மூன்றடியில் கல் தட்டியதும் பைப்பை அறுத்து நட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் எப்படியோ ஓடிவிடும். சித்திரை, வைகாசியில் குழி காய்ந்ததும் எர்த் பெயருக்குத்தான் இருக்கும்.

இதில் ஹம் எப்படி வருகிறது? ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர், போர் மோட்டார் எல்லாவற்றிலிருந்தும் சிறு கசிவு எர்த் ஒயருக்கு வரும். குழி நன்றாக இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். குழி காய்ந்திருந்தால் போக வழியில்லாமல் எர்த் ஒயரின் வோல்டேஜ் மேலே ஏறி நிற்கும். எல்லாச் சாமானும் அதே எர்த்தில் இருந்தால் எல்லாம் சேர்ந்தே ஏறும், சத்தம் வராது. ஆனால் டிஷ் கம்பமோ, மாடி வீட்டுக்குத் தனியாகப் போட்ட இரண்டாவது எர்த் குழியோ வேறு வோல்டேஜில் இருந்தால், அந்த வித்தியாசம் உங்கள் ஆடியோ கேபிள் வழியாகத்தான் ஓடும். வெயில் காலத்தில் வந்து முதல் மழையோடு காணாமல் போகும் ஹம்முக்கு முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சோதனை சுலபம். சத்தம் வந்துகொண்டிருக்கும்போது எர்த் குழியில் சில குடம் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் பொறுங்கள். சத்தம் குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து பிளக்கிலும் அளக்கலாம். கைக்குப் பழக்கமில்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. 10க்கு மேல் நின்றால் கட்டாயம் ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. ஃபேசுக்கும் எர்த்துக்கும் மீட்டர் 230 காட்டிவிட்டால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு, அதனால் மோசமான எர்த்திலும் அது 230 காட்டும். லோடு கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எலெக்ட்ரீஷியன் 100 வாட் குண்டு பல்பை வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) உள்ள வீட்டில் அந்தச் சோதனையில் அது டிரிப் ஆகும். டிரிப் ஆனால் அது வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.

மூன்று பின் பிளக் உள்ள ரிசீவரின் உலோகப் பாடியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று அதிர்கிறதா? அந்த பிளக்கில் எர்த் இல்லை என்பதற்கு அது பெரிய அடையாளம். இப்போது வரும் பவர் சப்ளைகளில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், எர்த் இல்லாதபோது பாடியை ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கவிடும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் அதிர்வோடு போகிறது. ஆனால் அதே கரண்ட் ஆடியோ கேபிளின் ஷீல்டில் ஓடினால் ‘ர்ர்ர்’ சத்தம் நிச்சயம்.

சரிசெய்ய: கோடையில் குழிக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றுங்கள். துணி துவைக்கும் தண்ணீரையே அங்கே திருப்பிவிடலாம். பைப் இறங்காத பாறை நிலமாக இருந்தால், ஆழத்துக்குப் பதில் நீளமாக வாய்க்கால் வெட்டி ஜி.ஐ. பட்டையைப் படுக்கவைத்து, சுற்றிலும் பெண்டோனைட் மண் போடும் முறை உண்டு. ஒரே வீட்டில் இரண்டு குழி இருந்தால் இரண்டையும் கனமான ஒயரால் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள். பாறை நிலத்து வீட்டில் அது இல்லாமல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படி 7: வீட்டுக்குள் இருக்கும் மற்ற சாமான்கள்

ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். ‘ர்ர்ர்’ நின்றுவிட்டால் ரெகுலேட்டர்தான். எந்த வேகத்திலும் நிறுத்தலாம் என்று வழுவழுவெனச் சுற்றும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் டிரையாக் இருக்கும், அது கரண்ட் அலையை வெட்டி வெட்டி விடுவதால் சத்தம் பிறக்கிறது. ‘டக் டக்’ என்று 1, 2, 3, 4 நிற்கும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாற்றினால் போதும். எல்.இ.டி. பல்புகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

கரண்ட் போனபோது மட்டும் சத்தம் வந்தால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. ஆடியோவுக்குச் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் சரி.

மோட்டார் போடும்போது பல்பு ஒரு அறையில் பிரகாசமாகவும் இன்னொரு அறையில் மங்கலாகவும் மாறினால் ஹம்மை மறந்துவிடுங்கள். நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு உடனே எலெக்ட்ரீஷியனுக்கும் ஈ.பி.க்கும் சொல்லுங்கள்.

படி 8: அசெம்பிள் செட் வைத்திருப்பவர்களுக்கு

ஊரில் பாதி ஹோம் தியேட்டர்கள் 4440, 2030 ஐ.சி. போர்டுகளை வைத்து உள்ளூர் மெக்கானிக் கட்டிக் கொடுத்தவை. நன்றாகக் கட்டினால் அருமையாகப் பாடும். ஹம் வந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் சில.

வால்யூமை மூடியும் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே அளவில் 100 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் மெயின் ஃபில்டர் கெப்பாசிட்டர். தலை உப்பியிருக்கிறதா, அடியில் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்று இருந்தால் அதே மதிப்பு, அதே வோல்ட் அல்லது அதற்கு மேல் போடலாம், குறைவாகப் போடவே கூடாது. பிளக்கை உருவிய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல் ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்குங்கள்.

வால்யூம் கன்ட்ரோலின் உலோகப் பாடியைத் தொட்டதும் ஹம் குறைந்தால், அந்தப் பாடிக்கு எர்த் ஒயர் பற்றவைக்காமல் விட்டிருக்கிறார்கள். கன்ட்ரோலுக்குப் போவது சாதா ஒயராக இருந்தால் ஷீல்டு ஒயராக மாற்றி, ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். எல்லாப் போர்டின் கிரவுண்டும் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி போடாமல், ஃபில்டர் கெப்பாசிட்டரின் கிரவுண்ட் முனையில் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் பிரீஆம்ப் போர்டுக்கு ஒட்டியபடி இருந்தால் தள்ளி வையுங்கள். இடமில்லையென்றால் திருகைத் தளர்த்தி மெல்லத் திருப்புங்கள், ஏதோ ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று இறங்கும்.

ப்ளூடூத் போட்டால் மட்டும் ‘கீய்ய்’ என்று மெல்லிய கீச்சு வருகிறதா? அந்தப் போர்டும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே சப்ளையைப் பகிர்வதுதான் காரணம். போர்டுக்குத் தனியாக 5 வோல்ட் சப்ளை கொடுங்கள், அல்லது ஐசொலேட்டட் டி.சி. டு டி.சி. மாட்யூல் ஒன்றை நடுவில் போடுங்கள்.

கம்பெனி ரிசீவர் 4ஆம் படியில் தனியாகவே முனகியிருந்தால் மூடியைத் திறக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ‘ஹம் வருது’ என்று மட்டும் சொல்லாமல் தாளில் குறித்ததைச் சொல்லுங்கள்: எல்லா இன்புட்டும் கழற்றியும் வருகிறது, வால்யூமுக்கு மாறுவதில்லை, இன்ன ஸ்பீக்கரில் வருகிறது, இத்தனை ஹெர்ட்ஸ். இவ்வளவு தெரிந்தால் மெக்கானிக் நேராகப் பவர் சப்ளையைத் திறப்பார், தேவையில்லாத போர்டை மாற்றிய பில்லும் வராது.